பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்

அந்தப் பட்டன் கடையில் கிடைக்காத சரக்கு ஒன்றே ஒன்றுதான்: 'இல்லை' என்ற சொல்.

மற்றபடி எல்லாம் உண்டு. சட்டைக்கு இரண்டு கண் பட்டன், நாலு கண் பட்டன், கோட்டுக்குக் கொம்புப் பட்டன், குழந்தைகள் உடுப்புக்கு வாத்து வடிவப் பட்டன், ஜிப், ஊக்கு, எலாஸ்டிக், காலருக்குள் வைக்கிற கேன்வாஸ், அறுபத்திரண்டு நிறத்தில் நூல்கண்டு. தரையிலிருந்து கூரை வரைக்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றின் முகத்திலும் உள்ளே இருப்பதில் ஒன்றை ஒட்டி வைத்திருக்கும். டெய்லர்கள் கையில் ஒரு துண்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவரை அண்ணாந்து பார்த்தபடி கால்மணி நேரம் நிற்பார்கள். யாரும் அவர்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

அந்தச் சொல்லைக் கடைக்குள் விடக் கூடாது என்பது கடைக்காரருடைய அப்பா போட்ட சட்டம். ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் அது ஏதாவது ஓர் இழுப்பறைக்குள் புகுந்துகொண்டு குஞ்சு பொரிக்கும், அப்புறம் ஒவ்வொரு பெட்டியாகக் காலியாகும் என்பது அவர் நம்பிக்கை. அப்பா போய்ப் பதினெட்டு வருஷமாகிறது. சட்டம் மட்டும் தினம் காலையில் கடையோடு சேர்ந்து திறக்கிறது. 'வரலை', 'தெரியலை' மாதிரியான குட்டிகளுக்கு விலக்கு உண்டு. தாய்தான் படியேறக் கூடாது.

ஆனால் சரக்கு தீராத கடை உலகத்தில் ஏது? அதனால் அந்தக் கடைக்கென்று ஒரு பாஷை உண்டானது. கேட்ட சரக்கு தீர்ந்துபோய், ஆர்டர் போட்டிருந்தால், 'வந்துக்கிட்டிருக்கு.' ஆர்டரே போடவில்லை, இனிமேல்தான் யோசிக்க வேண்டும் என்றால், 'நாளைக்கு ஒரு எட்டு வாங்களேன்.' அந்தச் சரக்கு இந்தக் கடைக்கு வந்ததும் கிடையாது, வரப்போவதும் கிடையாது என்றால், முகம் முழுக்கச் சிரிப்போடு, 'பார்க்கலாம்.'

தெருவில் பழைய ஆட்களுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. 'பார்க்கலாம்' என்று காதில் விழுந்த மறுகணமே கோட்டு டெய்லர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடையைக் கட்டிவிடுவார். முகத்தில் வருத்தம் இருக்காது. மறுக்கவும் மறுத்தாயிற்று, மரியாதைக்கும் குறைவில்லை. இதைவிட நாசூக்கான வியாபாரம் எங்கே நடக்கும்?

பாஷை கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கடைக்காரர் வீட்டுக்கு வரும்போது அதுவும் கூடவே வந்தது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி முதல்முதலாகச் சமைத்துப் பரிமாறிவிட்டு, "நல்லாயிருக்கா?" என்று கேட்டாள். "வந்துக்கிட்டிருக்கு," என்றார் மனுஷர். அதன் அர்த்தம் புரிய அவளுக்கு ஒரு மாதம் ஆனது. புரிந்த பிறகு கோபம் தீர ஒரு வருஷம் ஆனது.

ஒரே மகள். இருபத்தினாலு வயது. அந்தப் பாஷையைத் தாய்ப்பாலோடு குடித்து வளர்ந்தவள். படிப்பு முடிந்து கடைக்கு வந்த மூன்றாம் மாதம் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை நட்டுவைத்தாள். அது முதல் நாளே பட்டென்று, சிவப்பு எழுத்தில், 'இருப்பு இல்லை' என்று நாலு இடத்தில் காட்டியது. கடைக்காரர் தோள் துண்டை எடுத்துத் திரையின்மேல் போட்டு மூடினார்.

"அப்பா, அது மெஷின்."

"மெஷினா இருந்தா என்ன? பேசுதுல்ல?"

"பேசலைப்பா, எழுதுது."

"அது இன்னும் மோசம். பேசினது காத்தோட போயிடும்."

இரண்டு நாள் திரை துண்டுக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாள் மகள் ஏதோ தட்டினாள். 'இருப்பு இல்லை' என்று காட்டிய இடத்திலெல்லாம் 'வரும்' என்று வந்தது. அவரும் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அந்தக் கடையில் பழசும் புதுசும் இப்படித்தான், பஸ்ஸில் சீட்டைப் பங்கிட்டுக்கொள்கிறவர்களைப் போல, ஒன்றுக்கொன்று கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்துக்கொள்ளும்.

அந்த மகளுக்குத்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்கான கடிதம் வந்தது.

ரயிலில் பதினோரு மணி நேரத் தூரத்தில் ஓர் ஊர். பெரிய சட்டைக் கம்பெனி. பட்டன், ஜிப், நூல் எல்லாம் தரம் பார்த்து வாங்கிப் போடுகிற பிரிவு.

"மாசத்துக்கு நாப்பது லட்சம் பட்டன்பா," என்றாள் கண்ணை விரித்து. "நாம டஜன்ல விக்கிறோம். அங்க லாரில இறங்குது. அத்தனையும் நான்தான் பார்த்து எடுக்கணும். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணுமாம். ஒண்ணாம் தேதி சேரணும். போகட்டுமாப்பா?"

கடைக்காரர் முகம் முழுக்கச் சிரித்தார்.

"பார்க்கலாம்."

மகள் கடிதத்தை மடித்து வைத்தாள். ஜிப் பெட்டிகளை இறக்கி நீளவாரியாக அடுக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே அடுக்கியிருந்ததையும் கலைத்து மறுபடி அடுக்கினாள். சாயங்காலம் வரைக்கும் அவள் வாயிலிருந்து வாடிக்கையாளருக்கு மட்டும்தான் வார்த்தை வந்தது.

என்ன சொன்னோம் என்று அவருக்கும் தெரியும், அது அவளுக்குப் புரிந்துவிட்டது என்பதும் தெரியும். ஆனாலும் மகளை முகத்துக்கு நேரே மறுத்த பாவம் தன் தலையில் விழவில்லை என்று ஓர் ஆறுதல். ஆமாம் என்பதற்கும் மாட்டேன் என்பதற்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதில் நாற்பது வருஷமாகச் சௌகரியமாக உட்கார்ந்திருந்தவர் அவர். அன்றைக்குத்தான் அது லேசாக ஆடியது.

புதன்கிழமை மத்தியானம் மெத்தைக்கடைக்காரர் வந்தார்.

ஆறு கடை தள்ளி, எட்டு மாதத்துக்கு முன்னால் கடை போட்டவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஒரு நாளைக்கு நாற்பது பேரை மெத்தையில் படுக்க வைப்பார். முப்பத்தைந்து பேர் புரண்டு பார்த்துவிட்டு 'வேண்டாம்' என்று எழுந்து போவார்கள். அவர் கொஞ்சமும் அசர மாட்டார். ஆனால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லாதவர் வாங்கிவிட்டார் என்பது அவர் தொழிலில் வேதம். அவருக்கும் ஓர் அப்பா இருந்திருப்பார் அல்லவா?

மெத்தையில் குழி விழத் தைக்கிற துணி போர்த்திய பட்டன் வேண்டும் என்று வந்தவர், கல்லாமேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மகள் ஒரே சமயத்தில் மூன்று டெய்லர்களைச் சமாளித்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்கு நிறம் பொருத்தி, ஒருவருக்கு எலாஸ்டிக் அளந்து, மூன்றாமவர் பேரம் பேச வாயைத் திறப்பதற்குள் பையைக் கையில் திணித்து அனுப்பினாள். பிறகு சாப்பிடக் கிளம்பினாள். அவள் தலை மறைந்ததும் மெத்தைக்கடைக்காரர் குனிந்தார்.

"அண்ணே, எனக்குச் சுத்தி வளைக்கத் தெரியாது. எங்க பையனை நீங்க பார்த்திருக்கீங்க. உங்க பொண்ணை நான் எட்டு மாசமா பார்க்கிறேன். ரெண்டு பேருக்கும் பேசி முடிச்சிட்டா என்ன?"

கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் ரயிலேறுவதும் வேண்டாம், எவன் வீட்டுக்கும் போவதும் வேண்டாம், இப்படியே ஏணிமேல் ஏறி இறங்கிக்கொண்டு கண்ணு முன்னாடி இருந்தால் போதும் என்றுதான் அவர் மனது. ஆனால் மனது போடுகிற கூச்சல் வாய்வரைக்கும் வந்து பழக்கமில்லை. முகம் தானாகச் சிரித்தது.

"பார்க்கலாம்," என்றார்.

"அடடா!" மெத்தைக்கடைக்காரர் அவர் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனுஷன் பெரிய மனுஷன்தான்! ஒரே வார்த்தை! எப்ப பார்க்கலாம்?"

"அவசரம் என்ன... நாளைக்கு ஒரு எட்டு..."

"நாளைக்கா? நாளைக்கு எனக்குப் பஞ்சு லோடு வருதே! அடுத்த வியாழக்கிழமை பார்க்கலாம். குடும்பத்தோட வரோம். வரட்டுமா, சம்பந்தி?"

பட்டனை வாங்காமலே போய்விட்டார். அந்தச் 'சம்பந்தி' கடைக்காரர் காதில் விழுந்தது. ஆனால் அதற்குள் ஒரு பெண் கிழிந்த பையைக் காட்டி ஜிப் கேட்க, அவர் ஜிப்புக்குத் திரும்பிவிட்டார். 'பார்க்கலாம்னு சொல்லியாச்சு, இனி வர மாட்டார்' என்று நிம்மதியாக ஒரு டீயும் குடித்தார்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் சனிக்கிழமை வரைக்கும்தான். அன்றைக்குக் கோட்டு டெய்லர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே வந்தார்.

"முதலாளி, சொல்லவே மாட்டேன்னுட்டீங்களே. சந்தோஷம்."

"என்னய்யா சந்தோஷம்?"

"மெத்தைக்கடைப் பையனுக்குக் கோட்டு அளவு எடுத்துட்டு வரேன். வியாழக்கிழமை வேணுமாம், பொண்ணு வீட்டுக்கு வரணுமாம். அவங்கப்பா தெருவெல்லாம் உங்களை வாய் நிறைய சம்பந்தி சம்பந்திங்கறாரு."

"நான் பார்க்கலாம்னுதான்யா சொன்னேன்!"

"எங்கிட்ட சொன்னா எனக்குப் புரியும். அந்த ஆளுக்கு யாரு புரிய வைக்கிறது? மெத்தைக்கடைல பார்க்கலாம்னா, படுத்துப் பார்க்கலாம்னு அர்த்தம்."

ஏணியின் மேல்படியில் நின்று நூல்கண்டு எடுத்துக்கொண்டிருந்த மகள் ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். கடைசிப் படியில் நின்றுகொண்டு, அப்பாவின் உயரத்துக்குச் சமமாகக் கேட்டாள்.

"யாருக்கு யாருப்பா சம்பந்தி?"

கோட்டு டெய்லர் செருப்பை மாட்டிக்கொண்டார். இந்தத் தடவை யாரும் 'பார்க்கலாம்' என்று சொல்லாமலே.

அன்றைக்குச் சாயங்காலம் கடையைச் சீக்கிரமே கட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். விஷயத்தைக் கேட்ட மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தாள்.

"உங்க வாய்க்கு இப்படி ஒருத்தர் வரணும்னுதான் நான் இத்தனை வருஷமா வேண்டிக்கிட்டிருந்தேன்."

"அம்மா, சிரிக்காத. அப்பா, திங்கட்கிழமை போய்ச் சொல்லிடுங்க."

"என்னன்னு?"

"இல்லைன்னு."

கடைக்காரர் சட்டென்று நாலா பக்கமும் பார்த்தார்.

"இது கடை இல்லைப்பா, வீடு. இங்க எத்தனை தடவை வேணாலும் சொல்லலாம். எங்க, ஒரு தடவை சொல்லிப் பழகுங்க."

"இ..." என்று ஆரம்பித்தவர் தண்ணீர் டம்ளரை எடுத்துக் குடித்தார். "இப்ப எதுக்கும்மா அதெல்லாம், சாப்பிடற நேரத்துல?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழாயடியில் பாத்திரம் கொஞ்சம் அதிகமாகவே சத்தம் போட்டது. மனைவி குரலைத் தாழ்த்தினாள்.

"ஏங்க, ஆறு கடை தள்ளிங்கறது நல்ல தூரம்தான், இல்லைங்களா?"

"என்ன சொல்ற?"

"நான் என்ன சொன்னேன்? ரயில்ல பதினோரு மணி நேரத்துக்கு ஆறு கடை எவ்வளவோ பக்கம். காலைல இருமினா சாயங்காலம் வந்து பார்ப்பா." சோற்றை அவர் தட்டில் வைத்தாள். "அவளுக்கும் பார்க்கலாம்னீங்க, அந்த மனுஷருக்கும் பார்க்கலாம்னீங்க. அவர் தப்பா புரிஞ்சுக்கிட்டது உங்களுக்குக் கொஞ்சம் தோதாத்தான் இருக்கு."

கடைக்காரர் சோற்றைப் பிசைந்தார். இருபத்தாறு வருஷமாக அவருடைய பாஷையை எழுத்துக்கூட்டிப் படித்தவளிடம் பொய் சொல்வதும் வீண், மெய் சொல்வதும் வீண். நிஜமாகவே அன்று மத்தியானம் கல்லாவில் உட்கார்ந்தபடி தெருவில் ஆறு கடையை அவர் எண்ணிப் பார்த்திருந்தார். எட்டிப் பார்த்தால் மெத்தைக்கடைப் படி தெரிகிறது.

திங்கட்கிழமை காலையில் தலை சீவிக்கொண்டு மெத்தைக்கடைக்குப் போனார். ஆறு கடைத் தூரமும் உதட்டுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். 'இல்லைங்க, அது வந்து, இல்லைங்க.' பிசகில்லாமல்தான் வந்தது.

"வாங்க சம்பந்தி! நின்னுக்கிட்டே பேசறதா? படுங்க!"

"இல்... நான் உக்கார்ந்தே..."

"புது ஸ்பிரிங். படுத்தாத்தான் தெரியும். செருப்போடயே படுங்க, பரவாயில்லை."

படுக்க வைத்தே விட்டார். மல்லாந்து கிடக்கிற மனுஷனுக்கு மறுப்புச் சொல்ல எங்கே தெம்பு வரும்? கடைக்காரர் கூரையில் சுற்றிய மின்விசிறியைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"பொண்ணு சின்னவ."

"இருபத்தினாலு! எங்க வீட்டுக்காரி வரும்போது இருபத்திரண்டு. இந்தப் பக்கம் புரளுங்க."

புரண்டார். "கடையைப் பார்த்துக்க ஆள் வேணுமே."

"ஆறு கடை தள்ளித்தானே? காலைல உங்க கடை, மத்தியானம் எங்க கடை. எனக்கும் ஒரு கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்துட்டா முடிஞ்சுது."

"ஜாதகம், கீதகம்னு..."

"எனக்கு அதுல நம்பிக்கை கிடையாது. உங்களுக்கு இருக்கா?"

"எனக்கும்... அவ்வளவா..."

"அப்ப அதுவும் தீர்ந்துது!"

அவர் ஒரு சாக்குச் சொல்லச் சொல்ல, மெத்தைக்கடைக்காரர் அதை ஒரு படி விலை இறங்கியதாக எடுத்துக்கொண்டார். பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்த இரண்டு பேர். ஒருவர் பின்வாங்குகிறார், மற்றவர் அதை இறங்கி வருவதாகக் கணக்குப் பண்ணுகிறார். கடைசியில் பட்டன்கடைக்காரர் கையிலிருந்த கடைசிச் சரக்கை எடுத்துப் போட்டார்.

"அவளுக்கு வெளியூர்ல ஒரு வேலை வந்திருக்கு. பெரிய கம்பெனி. ஆசைப்படறா."

"வேலையா?" மெத்தைக்கடைக்காரர் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், வாய்விட்டுச் சிரித்தார். "போகாதேன்னு சொல்லிடுங்க. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்? நம்ம கண்ணு முன்னாடி இருந்தா போதாதா?"

கடைக்காரருக்கு முதுகில் ஏதோ குத்தியது. ஸ்பிரிங் அல்ல. அவர் போன வாரம் மகளுக்குச் சிரிப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த அதே சரக்கு. இந்த மனுஷர் பொட்டலத்தைப் பிரித்து, வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை அதே. கண்ணு முன்னாடி உட்பட. பார்க்கச் சகிக்கவில்லை.

எழுந்திருக்கப் பார்த்தார். நல்ல மெத்தை, விடவில்லை. கையை ஊன்றினால் கை புதைந்தது. மெத்தைக்கடைக்காரர்தான் தூக்கி நிறுத்தினார். நின்றதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார்.

"வியாழக்கிழமை வீட்டுக்கு வேணாம். கடைக்கே வந்துடுங்க. பேசிக்கலாம்."

"கடையிலயே! தொழில் நடக்கிற இடத்துல பேசறதுதான் ராசி, சம்பந்தி!"

திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்த்ததும் மகள் காலண்டரில் தேதியைக் கிழித்தாள். வெள்ளிக்கிழமைக்கு நாலே தாள் பாக்கி.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு வந்தார்கள். மெத்தைக்கடைக்காரர், அவர் மனைவி, பின்னால் பையன். பையன் கோட்டோடுதான் வந்தான், ஆனால் கோட்டில் தற்காலிகமாக ஓட்டிய வெள்ளை நூல் பிரிக்காமல் அப்படியே இருந்தது, பட்டன் ஒன்றுகூடத் தைக்கவில்லை. கையால் முன்பக்கத்தை மூடிப் பிடித்துக்கொண்டு, குளிரில் நிற்கிறவன் போல நின்றான். அவனுக்குப் பின்னால் கோட்டு டெய்லர், பட்டன் வாங்குகிற சாக்கில், வேடிக்கை பார்க்க. கடைக்காரர் மனைவியும் வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். மகள் யாரையும் பார்க்காமல் ஓர் அம்மாவுக்கு லேஸ் அளந்துகொண்டிருந்தாள்.

கடைக்காரருக்குத் திடீரென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. அப்பாவின் சட்டம் கடைக்குள்தானே? படிக்கு வெளியே அது செல்லுபடியாகாதே!

"ஒரு நிமிஷம் வெளியே வாங்க," என்று மெத்தைக்கடைக்காரரைத் தெருவுக்குக் கூட்டிப் போனார். மூச்சை இழுத்துக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "இல்லை!" என்று சொல்லியே விட்டார். சரியாக அந்த நேரத்தில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று கீ கீ என்று கத்திக்கொண்டு பின்பக்கமாக வந்தது. நாற்பது வருஷ வியாபாரத்தில் முதல் தடவையாகப் பிறந்த சொல், பிறந்த இடத்திலேயே நசுங்கியது.

"என்ன சொன்னீங்க? ஒண்ணும் கேக்கலை. வெயில்ல எதுக்கு நிக்கணும், உள்ள வாங்க!" மெத்தைக்கடைக்காரர் தோளில் கைபோட்டு அவரைக் கடைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, எல்லார் நடுவிலும் நிறுத்தினார். "இப்ப சொல்லுங்க, சம்பந்தி."

லேஸ் அளந்த கை நின்றது. கோட்டு டெய்லர் மூச்சு விடவில்லை. சுவரில் தரையிலிருந்து கூரை வரைக்கும், இரண்டு கண்ணும் நாலு கண்ணுமாக, அத்தனை பட்டனும் அவரையே பார்த்தன.

"இல்லை," என்றார் கடைக்காரர்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வந்ததை நிறுத்தவும் தெரியவில்லை.

"என் பொண்ணை உங்க வீட்டுக்குக் கொடுக்கறதா இல்லை. அவளுக்கு அதுல விருப்பம் இல்லை. அன்னைக்கு நான் பார்க்கலாம்னு சொன்னேனே, எங்க கடைல அதுக்கு இதுதான் அர்த்தம். உங்களுக்குப் புரியற மாதிரி சொல்லியிருக்கணும். திங்கட்கிழமையாவது சொல்லியிருக்கணும். தப்பு என் பேர்லதான். இல்லை."

"நாலு," என்று கோட்டு டெய்லர் தனக்குள் எண்ணிக்கொண்டார்.

மெத்தைக்கடைக்காரர் முகம் ஒரு நிமிஷம் காற்று இறங்கிய தலையணை மாதிரி ஆனது. பிறகு அவர் பெருமூச்சு விட்டு, பக்கத்திலிருந்த பெட்டிமேல் உட்கார்ந்தார்.

"அவ்வளவுதானா? இதுக்கா எட்டு நாள்? அண்ணே, ஒரு நாளைக்கு முப்பத்தஞ்சு தடவை இதைக் கேக்கற காது இது. அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு டீயைக் குடிச்சிட்டுப் போயிருப்பேனே!"

'சம்பந்தி' போய் 'அண்ணே' திரும்பி வந்திருந்ததை எல்லாரும் கவனித்தார்கள்.

"பொண்ணைக் கேட்டாங்களான்னு நான் அன்னைக்கே கேட்டேன்," என்றாள் மெத்தைக்கடைக்காரர் மனைவி, பொதுவாகச் சுவரைப் பார்த்து. "என் பேச்சை யாரு காதுல வாங்கறாங்க?"

பையன் கோட்டை இன்னும் பிடித்துக்கொண்டே இருந்தான். "அப்ப இந்தக் கோட்டு?"

"கோட்டு உன் அளவுக்குத் தைச்சது தம்பி, பொண்ணு அளவுக்கு இல்லை," என்றார் டெய்லர். "யாரைப் பார்க்கப் போனாலும் போட்டுக்கலாம்."

பையனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவன் சிரித்ததும் கை விட்டுப்போய்க் கோட்டு திறந்துகொண்டது. மகள் ஒரு பார்வையில் துணியின் நிறத்தைப் பார்த்தாள், ஏணி ஏறினாள், பழுப்புக் கொம்புப் பட்டனை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

"முன்னாடி மூணு, கைக்கு ஆறு, உள்பைக்கு ஒண்ணு. சரியா?"

"சரிங்க," என்றான். அதுதான் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டது. மெத்தைக்கடைக்காரர் அந்தப் பத்துப் பட்டனுக்கும் ஒரு பேரம் பேசிப் பார்த்து, தோற்று, டீ குடித்து, போனார். படியிறங்கும்போது, "அண்ணே, அந்த மெத்தை உங்க முதுகுக்கு ஏத்தது. யோசிங்க," என்றார். "வேண்டாங்க," என்றார் கடைக்காரர். அவ்வளவு சுலபமாக வந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

அவர்கள் தலை மறைந்ததும் கடைக்காரர் மெதுவாகச் சுவரிடம் போனார். ஓர் இழுப்பறையைத் திறந்து பார்த்தார். நிறைய இருந்தது. அடுத்ததையும் திறந்தார். அதற்கும் கீழே இருந்ததையும்.

"குஞ்சு பொரிக்க நேரம் ஆகுங்க," என்றாள் மனைவி. "நாளைக்கு ஒரு எட்டு பாருங்களேன்."

கோட்டு டெய்லருக்கு இருமல் வந்தது. மகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லேஸ் வாங்கிய அம்மாவை அனுப்பிவிட்டு, கல்லாவுக்கு எதிரில், வாடிக்கையாளர் நிற்கிற பக்கம் வந்து நின்றாள்.

"அப்பா. பத்து நாளைக்கு முன்னாடி எனக்கும் ஒரு பார்க்கலாம் சொன்னீங்க. அதுக்கு என்ன அர்த்தம்?"

கடைக்காரர் இழுப்பறையை மூடினார். வாய் பழகிவிட்டது. இப்போது அதை அவளுக்கும் சொல்லிவிடலாம், முன்புபோலத் தொண்டையில் நிற்காது. மனதும் அதைத்தான் சொல்கிறது, இன்றைக்கும். ஒன்றாம் தேதியிலிருந்து அந்த ஏணியில் ஏற ஆள் இருக்காது.

"இல்லைன்னுதான் அர்த்தம்," என்றார்.

மகள் தலையை ஆட்டினாள். தெரிந்ததைத்தான் கேட்டோம் என்பது போல.

"அன்னைக்கு அதுதான் அர்த்தம்," என்றார் அவசரமாக. "நான்தான் வாய்விட்டுச் சொல்லலையே, அதனால நல்ல அப்பான்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். திங்கட்கிழமை மெத்தைக்கடைல மல்லாந்து கிடந்தப்போ, அதையே அவர் பச்சையா சொன்னாரு. போகாதேன்னு சொல்லிடுங்க, கண்ணு முன்னாடி இருந்தா போதாதான்னு. கேக்க நல்லாவே இல்லைம்மா. நான் சொன்னதும் அதுதானேன்னு ஆயிடுச்சு."

"சரி. இன்னைக்கு?"

"போயிட்டு வா."

அவள் அவரைச் சந்தேகத்தோடு பார்த்தாள். இந்தக் கடையில் வளர்ந்தவள். எந்த வார்த்தையையும் திருப்பிப் போட்டு, அடிப்பக்கத்தைப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

"இதுக்கு நம்ம பாஷைல என்னப்பா அர்த்தம்?"

"தெரியலை. வரவங்களை வாங்க வாங்கன்னே சொல்லிப் பழகிட்டேன். யாரையும் போயிட்டு வான்னு சொன்னதில்லை. இதுக்கு இனிமே யாராவது அர்த்தம் வெச்சாத்தான் உண்டு."

"வைக்க என்ன இருக்கு?" என்றாள் மனைவி. மூக்கை உறிஞ்சியது தூசியால்தான் என்பதுபோல முக்காலியை ஒரு தட்டுத் தட்டினாள். "போன்னா போகணும். வான்னா வரணும். ரெண்டும்தான்."

மகள் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். பதில் எழுத நாளைக்கு வரைக்கும் நேரம் இருந்தது. அவள் அங்கேயே நின்றபடி எழுதினாள். நாலு வரிதான். அனுப்பிவிட்டு இன்னும் ஏதோ தட்டினாள். திரையின் வெளிச்சம் அவள் முகத்தில் மாறி மாறி விழுந்தது.

"முப்பதாம் தேதி காலைல ஒரு ரயில் இருக்குப்பா. டிக்கெட் போட்டுடட்டுமா?"

கடைக்காரர் கோட்டு டெய்லரின் பட்டன் பொட்டலத்துக்கு நூல் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முடிச்சு போதுமான இடத்தில் மூன்று போட்டார்.

"போடு," என்றார். பிறகு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, "ஜன்னல் பக்கமா போடு," என்றார்.